தோற்ற துரையும் நம்ம செவ்வாய்ப்பேட்டையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குள் ஸ்கூட்டரில் நுழைகிறவருக்குப் பொறுமை ரொம்ப முக்கியம். லீ பஜாரில் மூட்டை ஏற்றிய லாரி நகர்ந்தால்தான் நாம் நகரலாம். சந்துக்குச் சந்து வெள்ளிப் பட்டறை, கொலுசு வேலை. செவ்வாய்க்கிழமை சந்தை கூடியதால் வந்த பெயர்.

இந்தச் சந்தை ஊரை 1792-ல் கும்பினியார் கையில் சேர்த்த ஆசாமி காரன்வாலிஸ் பிரபு.

சரியான பேர்வழி சார் அவர்! 1738-ல் லண்டனில் பிறந்தார். ஈட்டன் பள்ளி, அப்புறம் பட்டாளம். 1760-ல் எம்.பி., 1762-ல் அப்பா காலமானதும் பிரபு பட்டம். 1781 அக்டோபர் 19-ல் அமெரிக்காவில், யார்க்டவுனில், வாஷிங்டனிடம் படையோடு சரண்! அந்தச் சடங்குக்கு, 'உடம்பு சரியில்லை' என்று தனக்கு அடுத்த அதிகாரியை அனுப்பிவிட்டார். ஆடிட் அன்றைக்கு சிக் லீவு போடுகிற கேஸ்!

நாம் தோற்றால் மெமோ. பிரபு தோற்றால் புரமோஷன். 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல்!

இங்கே வந்து திப்பு சுல்தானை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மடக்கினார். ஒப்பந்தப்படி பாதி ராஜ்ஜியம், மேற்கொண்டு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பணம் கட்டி முடிக்கும்வரை திப்புவின் இரண்டு சின்னப் பையன்கள் பணயம். அந்தப் பாதியில்தான் சேலமும் பாராமகாலும் கும்பினிக்கு வந்தன.

ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். லஞ்சத்தை ஒழிக்க கலெக்டருக்கு மாதம் 1500 ரூபாய் சம்பளம், வசூலில் 1 சதவீதம் கமிஷன் என்று வைத்தார். சொந்த வியாபாரம் கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் பெரிய உத்தியோகம் எதிலும் இந்தியனுக்கு இடமில்லை என்றும் வைத்தார். நமக்குக் குமாஸ்தா நாற்காலியோடு சரி!

1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு வரியை நிரந்தரமாக நிர்ணயித்தார். அவர் ஊருக்குப் போன பிறகு, 1802 முதல் அதே முறை சேலத்துக்கும் வந்தது. நிலத்தை 'மிட்டா'க்களாகக் கூறு போட்டு ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். கிஸ்தி கட்ட முடியாமல் மிட்டாவைக் கோட்டைவிட்டவர்கள் பலர்.

பிரபு 1805-ல் மறுபடி வந்தார். அக்டோபர் 5-ல் காஜிப்பூரில் காலமானார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி.

பணயமாகப் போன பிள்ளைகளுக்குப் பீடத்திலாவது இடம் கிடைத்தது. ஊரோடு கைமாறிய சேலத்து ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.