கூட வேலை செய்பவரே மதிப்பெண் போட்டால்?

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆலோசனை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். சங்காத் என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர்கள். சரி, அவர்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று யார் பார்ப்பது?

அவர்களேதான்! நோயாளியின் சம்மதத்தோடு உரையாடல் பதிவாகும். பிறகு குழுவாக உட்கார்ந்து அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, மதிப்பீட்டுத் தாளில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடுவார்கள். காது கொடுத்துக் கேட்டாரா, குறுக்கே விழுந்து அறிவுரை சொன்னாரா (நம்மில் பலர் இங்கேயே பெயிலாகிவிடுவோம்), போன முறை கொடுத்த வீட்டுப் பயிற்சியைப் பற்றி விசாரித்தாரா... சக ஊழியர்களின் மதிப்பெண் நிபுணர்களுடையதோடு ஓரளவு ஒத்துப்போனது.

இந்த ஆலோசனையின் பலன்? 495 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இனி பதிவைக் கேட்டு மதிப்பெண் போடும் இந்த வேலை கைப்பேசிச் செயலிக்கு மாறினால் தூரத்து ஊர்க்காரரும் குழுவில் சேரலாம், நல்லதுதான். ஆனால் ஒருவர் அழுதுகொண்டே சொன்னது வாட்ஸ்அப்பில் சுற்றக்கூடாது. பதிவைப் பூட்டி வைக்க வழியில்லாத செயலியை ஆலோசகர் கையில் கொடுக்கவே கூடாது.