ஈரத் துணியும் இழுத்த வடமும்

எங்கள் குடும்பத்தில் உடற்பயிற்சி செய்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. தொந்தி வைத்தவர் என்றும் ஒருவரையும் காட்ட முடியாது. போர்ட் கொச்சியில் வெளி என்கிற பகுதியில், தோபி கானா என்னும் சலவைக்கூடத்தை ஒட்டிய தெருவில் வளர்ந்த எங்களுக்கு உடம்பு என்பது தினமும் அழுக்காகி, அடி வாங்கி, காய்ந்து, மறுநாள் மறுபடி உடுத்திக்கொள்கிற ஒன்று.

டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து எங்கள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1795-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிரிட்டிஷாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் போகவில்லை. குளக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் கட்டிக்கொடுத்ததுதான் இப்போதிருக்கும் தோபி கானா. ஆளுக்கொரு தடுப்பு, தொட்டி, துவைகல். பின்பக்கம் துணி காயப்போட நீண்ட வெட்டவெளி. எங்களுக்கு அதுதான் மைதானம்.

பெரியப்பா துவைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். போர்வையை நீரில் அமுக்கி எடுத்து, நீளவாக்கில் முறுக்கி, தோளுக்கு மேலே சுழற்றிக் கல்லில் ஓங்கி அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் பல்லிடுக்கில் ‘உஸ்’ என்று மூச்சு பறக்கும். பக்கத்துத் தடுப்புக்காரர் அந்த மூச்சுக்குத் தன் அடியைப் பொருத்துவார். அவருக்கு அடுத்தவர் அவருக்கு. சற்று நேரத்தில் வரிசை முழுக்க ஒரே தாளத்தில் ஓடும். யாராவது ஒருவர் பிசகினால் வரிசை மொத்தமும் சிரிக்கும். கொஞ்ச நேரம் வலது தோள், பிறகு இடது தோள், அப்புறம் பிழிவது, பிறகு நீலம் முக்குவது, கஞ்சி போடுவது, கொடிக்குத் தூக்கிப்போவது. எதையும் நெடுநேரம் சேர்ந்தாற்போல் செய்யமாட்டார்.

“ஒரே கையில அடிச்சா கை கேக்கும்ல, இன்னும் எத்தனைன்னு. மாத்தி மாத்தி அடி. அதுக்குக் கணக்கு மறந்துபோயிரும்” என்பார்.

உடற்பயிற்சிக் கூடங்களில் இப்போது ‘சர்க்யூட்’ என்று சொல்கிறார்களே, அதன் சாரம் இதுதான். 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். ஓர் உறுப்பு வேலை செய்யும்போது இன்னொன்று இளைப்பாற, நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே போவது. பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால், “அவங்க எத்தனை போர்வை வெளுத்தாங்க?” என்றுதான் கேட்டிருப்பார்.

போர்வை பிழிவதில்தான் எங்களுக்குப் பங்கு. பெரிய விரிப்பின் இரண்டு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். முறுக்கேற ஏற விரிப்பு குட்டையாகி எங்களை ஒருவரை நோக்கி ஒருவர் இழுக்கும். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்வோம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தண்ணீர் வழியும். முதலில் விடுகிறவன் தோற்றான். அண்ணன் வேண்டுமென்றே திடீரென விட்டுவிட, நான் தொட்டிக்குள் விழுந்து எழுவேன். பெரியம்மா திட்டுவாள். அடுத்த விரிப்பை எடுப்போம். கொடியில் கவ்வி கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தப் புரிகளுக்கு நடுவே துணியின் ஓரத்தைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது. எட்டாத கொடிக்குக் குதித்துக் குதித்துச் செருகுவதில் போட்டி வேறு.

இதைப் படித்துவிட்டு அந்த வேலை ஏதோ ஆனந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற கால் விரலிடுக்கில் புண் இருக்கும். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை மாலைவரை தள்ளிய தோளுக்குப் பெரியம்மா இரவில் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். எங்களுக்கு விளையாட்டு, அவருக்குச் சோறு. அந்த அலுப்பைத் தாண்ட அவர் கண்டுபிடித்துக்கொண்ட உபாயங்கள்தான் எங்களிடம் விளையாட்டாக வந்து சேர்ந்தன.

விடுமுறை நாளில் கால்கள் தானாகக் கமாலக்கடவுப் பக்கம் போகும். சீனவலைகள் வரிசையாக நிற்கும் இடம். தேக்கும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய, மூன்று மாடி உயரத்துக்கு எழும் சாதனம். ஒரு முனையில் விரிந்த வலை, மறுமுனையில் கயிறுகளில் தொங்கும் பாறாங்கற்கள். எடை அவ்வளவு நுட்பமாகச் சமன் செய்யப்பட்டிருப்பதால், ஒரே ஓர் ஆள் நடு மரத்தின்மேல் நடந்தால் போதும், வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். தூக்குவதற்குத்தான் நாலைந்து பேர் வேண்டும். எங்களைக் கண்டால் வலை இழுக்கும் சேட்டன்மார் விரட்டமாட்டார்கள். “வாடா மோனே, பிடிக்கு” என்று கயிற்றின் வால்பகுதியைக் கையில் கொடுப்பார்கள். எங்கள் பலம் அதற்கு எள்ளளவும் தேவையில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் உயிரைக் கொடுத்து இழுப்போம்.

வலையில் என்ன வரும் என்று இழுத்து முடிக்கும்வரை தெரியாது. ஒருமுறை கணம்பு மீன் துள்ளும். ஒருமுறை இரண்டு நண்டு. மழைக்காலத்தில் காயலிலிருந்து அடித்துவரும் ஆகாயத்தாமரை மட்டும் மூட்டையாக வரும். அதற்காக யாரும் அடுத்த தடவை கயிற்றைத் தொடாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் மீன் நிச்சயம் என்றிருந்தால் நாங்கள் இத்தனை ஆவலோடு போயிருப்போமா என்பது சந்தேகம்தான்.

சேர்ந்து செய்யும்போது வருகிற வேகத்தைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். 1898-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்ற ஆய்வாளர், தனியாக ஓட்டும் சைக்கிள் பந்தயக்காரரைவிடப் பிறரோடு ஓட்டுபவர் வேகமாகப் போவதைக் கவனித்திருக்கிறார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தூண்டில் உருளையைச் சுற்றவைத்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு பிள்ளை சுற்றும்போது பலர் வேகமாகச் சுற்றினார்கள். சிலர் பதறிப்போய்த் தடுமாறவும் செய்தார்கள். இரண்டு வகையினரும் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

சாயங்காலமானால் பரேடு மைதானம். சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்து நிற்கும். அங்கே பல பத்தாண்டுகள் காசு வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் டிசூசாவைப் போர்ட் கொச்சியே ‘ரூஃபஸ் அங்கிள்’ என்றுதான் அழைத்தது. அவரிடம் முறையாகப் பழகியவர்கள் ஒருபக்கம் ஆட, நாங்கள் மைதானத்தின் ஓரத்தில் செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டு ஆடினோம். பந்து இல்லாத நாளில் கிளித்தட்டு. ஆள் குறைந்த நாளில் பச்சைக்குதிரை. மழை கொட்டினால் சேற்றில் சறுக்கு. என்ன ஆடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ததாக நினைவில்லை. வந்திருக்கும் ஆளையும் வானத்தையும் பார்த்து ஆட்டம் அமையும்.

1984-ஆம் ஆண்டு டிசம்பரில் ஊரில் கார்னிவல் தொடங்கியது. வரும் ஆண்டு உலக இளைஞர் ஆண்டு என்று சொல்லி ஊர் இளைஞர்கள் ஆரம்பித்தது. இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சைக்கிள் பந்தயம், நீச்சல், வடம்வலி எனப்படும் கயிறு இழுத்தல் என்று ஊரே போட்டிக்கு இறங்க, கடைசியில் பாப்பாஞ்ஞி என்னும் பொம்மையைக் கொளுத்திப் புத்தாண்டை வரவேற்பார்கள். அடுத்தடுத்த வருடங்களில் எங்கள் தெருப் பையன்களுக்கும் வடம்வலிக் காய்ச்சல் பிடித்தது. அறுந்துபோன பழைய கொடிக்கயிறுகளை ஒன்றாகத் திரித்து வடமாக்கினோம். பெரியப்பா தொட்டிமேல் உட்கார்ந்து, “தனித்தனியா இழுக்காதீங்கடா, மூச்சை ஒண்ணா விடுங்க” என்று சத்தம் போடுவார். அவருடைய ‘உஸ்’ஸையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். டிசம்பர் நெருங்க நெருங்க யாரும் எழுப்பாமலே விடியற்காலையில் எழுந்தோம். ஒரு தேதி முன்னால் நின்றால் சோம்பல் தானாக ஒதுங்கும்.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவர் அதையே சுருக்கி, “நடங்க சார்” என்றார். கடற்கரை நடைபாதையில் அதே தூரம், அதே வேகம், கையில் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம். பெரியப்பா சொன்னதுபோலவே கால் கேட்க ஆரம்பித்தது, இன்னும் எத்தனை என்று. நடையை விட்டுவிடவில்லை; அதற்குள் மாற்றத்தைப் புகுத்தினேன். ஒருநாள் பாட்டுக் கேட்டு, அந்தத் தாளத்துக்கு நடை. இன்னொரு நாள் கயிறு தாண்டுதல். மழை நாளில் வீட்டுக்குள் ஈர விரிப்பின் ஒரு முனை என்னிடம், மறுமுனை மகளிடம். துவைக்கும் இயந்திரம் பிழிந்துகொள்ளும்தான். அதனால் என்ன, தோற்பவர் காப்பி போட வேண்டும் என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தெருக்காரர்கள் சேர்ந்து கிளித்தட்டு ஆடுகிறோம். முட்டிவலிக்காரருக்கு ஓடாத தடம், இரத்த அழுத்தக்காரருக்கு நடுவர் வேலை. போன வாரம் ஒருவர் டிசம்பரில் வடம்வலிக்கு ஓர் அணி இறக்கலாமே என்றார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இல்லையென்றால் பையன்களோடேயே இழுத்துவிடுவது என்று தீர்மானம். கடைசியில் நின்று வடத்தை இடுப்பில் சுற்றிப் பிடிக்க மட்டும் கனமான ஆள் ஒருவர் குறைகிறார். தொந்தி இருப்பவருக்கு முன்னுரிமை.