17 நாளில் தீர்ந்த 1000 ஜிபி

நவம்பர் 18, செவ்வாய்

ரமண நகரின் உட்தெரு ஒன்றில் மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரே புகார். மேல் அறையில் தங்கியிருப்பவர் வீடியோ அழைப்பில் பேசத் தொடங்கினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்து அறைக்காரருக்கு அலுவலகக் கோப்பு ஏறவில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் திருவண்ணாமலையில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் மாதக்கணக்கில் தங்கும் காலம். அறை பார்க்க வருகிறவர்கள் வெந்நீர் வருமா என்று கேட்பதற்கு முன்பே வைஃபை எப்படி என்று கேட்கிறார்கள்.

மதியம் வந்த லைன்மேன் ரவுட்டரைத் தொடவே இல்லை. தன் போனில் கணக்கைத் திறந்து காட்டினார். "லைன்ல ஒரு கோளாறும் இல்ல டீச்சரம்மா. ஆயிரம் ஜிபியும் நேத்து ராத்திரியோட தீந்துபோச்சு. இனி ஒண்ணாந்தேதி வரைக்கும் ரெண்டு எம்பி ஸ்பீடுதான்."

பதினேழு நாளில் 1000 ஜிபி என்றால் நாளுக்கு 58 ஜிபிக்கு மேல். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு 3 ஜிபி வரை ஆகும். அப்படியானால் அந்த வீட்டில் தினமும் 19 மணி நேரம் எச்டி படம் ஓடியிருக்க வேண்டும். தியானத்துக்கு வந்து தங்கியிருப்பவர்கள் அவர்கள். நம்பும்படி இல்லை.

நவம்பர் 19, புதன்

தீரப்போகிறது என்று யாரும் ஏன் சொல்லவில்லை? ஆசிரியையின் கேள்வி நியாயமானது. அதற்கு விதியும் இருக்கிறது. வீட்டு இணைப்பில் வரம்பின் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தகவல் போயாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் உத்தரவிட்டது. வரம்பு தீர்ந்த பிறகும் வேகம் 512 கேபிபிஎஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் அதே உத்தரவுதான்.

தகவல் போகாமலில்லை. இணைப்பு சென்னையில் இருக்கும் மகன் பெயரில். மூன்று குறுஞ்செய்திகளும் அவர் போனில், கடன் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களுக்கு நடுவே திறக்கப்படாமல் கிடந்தன. பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோருக்கு இணைப்பு எடுத்துக் கொடுத்த எத்தனையோ வீடுகளில் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். பயன்படுத்துகிறவர் எண்ணுக்கும் எச்சரிக்கை போவதற்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

நவம்பர் 20, வியாழன்

மகன் இரவு போனில் பழைய கதை பேசினார். பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. பிறகு வந்த 500 ரூபாய்த் திட்டத்தில் மாதத்துக்கு 2.5 ஜிபி; பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது மட்டும் கணக்கில் சேராது. அன்றைய கல்லூரிப் பிள்ளைகள் அலாரம் வைத்து எழுந்து கணினியைப் போட்டுவிட்டு மறுபடி படுத்தார்கள். எட்டு மணிக்கு மோடத்தை அணைக்க மறந்தால் வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு எம்பிக்கும் காசு. அன்று மாதம் முழுக்க வந்த 2.5 ஜிபி இன்று ஒரு மணி நேர எச்டி படத்துக்கே காணாது.

நவம்பர் 22, சனி

ஆள் அகப்பட்டது. வாசலிலும் மாடிப்படியிலும் அக்டோபர் கடைசியில் மாட்டிய இரண்டு கேமராக்கள்!

இரண்டும் எடுக்கிற படத்தை இரவு பகலாக இணையம் வழியே வெளிச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. இரண்டுக்கும் 43 ஜிபி. மிச்சம் 15 ஜிபிதான் மனிதர்கள் செலவழித்தது. வரம்பு என்றால் நாம் பார்ப்பதும் இறக்குவதும்தான் நினைவுக்கு வரும். இந்த இணைப்பில் மேலே அனுப்புவதற்கும் அதே கணக்குதான். கேமரா மாட்டிக் கொடுக்கிற கடையில் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வேகம் குறைந்த பிறகும் மிஞ்சியிருந்த கொஞ்சத்தை இவையே அடைத்துக்கொண்டன. விருந்தினரின் அழைப்பு நின்று நின்று போனதற்கு அதுதான் காரணம்.

லைன்மேன் இரண்டு கேமராவிலும் மெமரி கார்டு போட்டார். ஆள் நடமாடினால் மட்டும் பதிவாகும்படி மாற்றினார். அரை மணி நேர வேலை.

நவம்பர் 27, வியாழன்

கொடியேற்றம் முடிந்து தெருவெங்கும் தீபக் கூட்டம். எதிர்வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் மாலையானால் ஆசிரியை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்கிறாள். அவள் வீட்டில் கம்பி இணைப்பு கிடையாது. அப்பாவின் போனில் வரும் தினம் 1.5 ஜிபிதான் மூன்று பேருக்கும். அது தீர்ந்தால் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 100 எம்பி பாடக் காணொளி இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். 512 என்றால் 26 நிமிடம்.

512 என்ற அந்தக் கீழ்வரம்பு கம்பிவழி இணைப்புக்கு மட்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. ஆனால் ஏழை வீட்டுக்கு இணையம் என்பது போன்தான். 2021 தொடக்கத்தில், ஆன்லைன் வகுப்புக்காக 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவசமாகத் தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொரோனா போய்விட்டது. பாடம் போனிலேயே தங்கிவிட்டது. கீழ்வரம்பு என்று ஒன்று அவசரமாகத் தேவைப்படுவது போன் டேட்டாவுக்குத்தான். கூடுதல் ஜிபியைவிட, தீர்ந்த பிறகும் பாடம் திறக்கும் வேகம்.

டிசம்பர் 3, புதன்

மாலை 6 மணிக்கு 2668 அடி உயர மலையில் மகாதீபம். போன்களில் அழைப்பே போகவில்லை. இது டேட்டா வரம்பின் வேலையில்லை. ஒரே டவரில் அத்தனை பேர் தொங்கினால் யாருக்கும் பாதை கிடைக்காது. மொட்டைமாடியிலிருந்து எடுத்த படங்களை விருந்தினர்கள் கம்பி இணைப்பு வழியே ஊருக்கு அனுப்பினார்கள்.

டிசம்பர் 6, சனி

புதுக் கணக்கில் நாளுக்குச் சராசரி 17 ஜிபி. கேமராக்களுக்கு அதில் 2 கூட இல்லை. இந்த வேகத்தில் போனால் மாதக் கடைசியில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். எச்சரிக்கை எண்ணை ஆசிரியை தன் எண்ணாக மாற்றிவிட்டார். ரவுட்டரில் விருந்தினர்களுக்கு ஒரு பெயர், தெருப் பிள்ளைகளுக்கு இன்னொரு பெயர். இரண்டாவது மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை திறந்திருக்கும். கடவுச்சொல்லை எதிர்வீட்டுப் பெண் தன் தோழிகளுக்கும் சொல்லலாமா என்று கேட்டாள். "எத்தனை பேர்னு மட்டும் சொல்லும்மா, கணக்குப் போட்டுக்கறேன்" என்றார் ஆசிரியை.