ஆயில் பாத்தியா கண்ணு?

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆணி ஜாஸ்தி. இன்னைக்கு எழுதப்போறது 2023ல நடந்த கதை. இத்தனை நாளா ஏன் எழுதலைன்னு படிச்சா உங்களுக்கே புரியும்.

நான் பொட்டி தட்டுறது வட கரோலினாவுல, சார்லட் ஊர்ல. சொந்த ஊர் நாமக்கல். நாமக்கல்னா முட்டை, இல்லேன்னா லாரி. எங்க வீடு லாரி. அப்பா முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டினவர். அந்த ரத்தமோ என்னமோ, கூட இருக்கிற பசங்க எல்லாம் சமத்தா பழைய கார் வாங்கினப்ப, நான் 2022ல ஒரு 2002 மாடல் பிக்கப்பை வாங்கிட்டேன். 4,500 டாலர். அதுக்குள்ள 1,78,000 மைல் ஓடின வண்டி. நம்ம கணக்குல 2,86,000 கிலோமீட்டர்.

போட்டோ அனுப்பினேன். "குட்டி லாரியாட்ட இருக்குது கண்ணு"ன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆட்டோமேட்டிக்குன்னு சொன்னதும்தான் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "கியரே போட வேண்டாமுன்னா அப்பறம் டிரைவர் எதுக்கு?"

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல முதல் கேள்வி இதுதான்: "ஆயில் பாத்தியா கண்ணு?" நானும், "பாத்துட்டேங்கப்பா."

பாக்கவே இல்ல. இன்ஜின் ஆயிலைக் கடைக்காரன் மாத்திடுவான். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்குன்னு தனியா ஒரு குச்சி இருக்குன்னு தெரியும். ஒரு தடவை கூட அதை வெளியில எடுத்ததில்ல.

2023 ஜூலையில நண்பன் ஒருத்தன் ஒஹையோவுக்கு வீடு மாத்தினான். வாடகைக்கு டிரெய்லர் எடுத்து, நம்ம வண்டியில கட்டி, கட்டில், சோபா, கிரைண்டர் எல்லாம் ஏத்திக்கிட்டு இன்டர்ஸ்டேட் 77ல கிளம்பினோம். வர்ஜீனியா எல்லை தாண்டினதுமே ஃபேன்ஸி கேப்னு மலையேத்தம். வண்டி நாலாவது கியருக்குப் போகும், திணறும், மூணுக்கு இறங்கும், மறுபடி நாலு. மலை முழுக்க இதே ஆட்டம். கியர் குச்சி நுனியில ஓவர்டிரைவை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரே ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா மூணாவது கியர்லயே ஏறியிருக்கும். நான் பாட்டு மாத்திக்கிட்டு இருந்தேன்.

ஆகஸ்ட்ல ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டுத்தான் நகரும். செப்டம்பர்ல ஆக்சிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. ஆபீஸ்ல அலர்ட் வந்தா அதை மியூட் பண்ணிட்டுத் தூங்குறவனைத் திட்டுற ஆளு நான். இங்க நானே மியூட் பண்ணிட்டேன். அக்டோபர்ல ஒரு நாள் சிக்னல்ல நின்னு கிளம்பறேன், D போட்டா N மாதிரி இருக்கு. பின்னாடி ஒரே ஹாரன்.

டோ வண்டியில ஏத்தி, டிரான்ஸ்மிஷன் மட்டும் பாக்கிற கடை ஒண்ணுக்குக் கொண்டுபோனேன். அறுபது வயசுப் பெரியவர். குச்சியை உருவி, வெள்ளைத் துணியில தொட்டு, என் மூக்குகிட்ட நீட்டினார். நல்ல ஆயில் செகப்பா இருக்கணும். இது கருகின காப்பி டிக்காஷன் கலர், அடிபிடிச்ச வாசம். "ஆயிலை மட்டும் மாத்திப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன். எரிஞ்சுபோன கிளட்ச் பிளேட் புது ஆயில் ஊத்தினா திரும்ப முளைக்காதுன்னு சொல்லிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஆட்டோமேட்டிக்ல இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு. ரெண்டு ஃபேனை எதிரெதிரே வெச்சு ஒண்ணைப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் பாருங்க, அதே கதை. இங்க காத்துக்குப் பதிலா ஆயில். பாரம் இழுக்கும்போது ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தாது, அந்த வித்தியாசம் அப்படியே சூடா மாறும். சூட்டுல ஆயில் கெடும், ரப்பர் சீல் இறுகும், பிரஷர் குறையும். பிரஷர் இல்லேன்னா கிளட்ச் பிளேட்டுக ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிக்காம வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடு. சுத்திச் சுத்தி அதே வட்டம்தான்.

மூணு வழி சொன்னார். பழைய வண்டி உடைக்கிற இடத்துல இருந்து ஒண்ணு எடுத்து மாட்ட 1,300 டாலர், ஆனா அதோட ஜாதகம் யாருக்கும் தெரியாது. இதையே பிரிச்சு ரீபில்ட் பண்ண 3,400. ஃபேக்டரியில புதுப்பிச்சு வர்றது 4,600. வண்டியை அப்படியே தள்ளிவிட்டா 800 கிடைக்கும். ரீபில்ட்னு சொல்லிட்டேன். பாங்க்ல அதுக்குப் பணம் இருந்துச்சு. 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட்டுக்குன்னு எடுத்து வெச்ச பணம்.

பிரிச்சப்புறம் கூப்பிட்டுக் காட்டினார். மேசை மேல வரிசையா பிளேட்டுக. சிலதுல உராயற பரப்பு சுத்தமா போய் வெறும் இரும்பு. இரும்புத் தட்டுகள்ல நீலநீலமா சூடு பட்ட தழும்பு. அத்தனையும், சீல், கன்வெர்ட்டர் உட்பட மாத்தி, கூலர் லைனைக் கழுவி, தனியா ஒரு ஆயில் கூலரும் மாட்டிக் குடுத்தார். பத்து நாள் ஆச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை போன். "பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"ஆபீஸ்ல லீவு..."ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மலை, பொத்தான், பணம். கடைசியா, "நான் ஒரு நாளும் ஆயில் பாத்ததில்லீங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. திட்டுவார்னு நினைச்சேன்.

"பத்தொம்பது வயசுல நான் கிளீனரா போனேன் கண்ணு. ஒரு நாள் வெடியால தூக்கக் கலக்கத்துல, ஆயில் பாக்காமயே பாத்தாச்சுங்கண்ணான்னு டிரைவர்கிட்டச் சொல்லிப்போட்டேன். மத்தியானம் இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. ஓனர் டிரைவரை நிறுத்திப்போட்டார். அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நான்தான் பொய் சொன்னேன்னு அந்தண்ணன் யாருகிட்டயும் சொல்லல. நானும் சொல்லல."

அம்மாவுக்கே இது தெரியாதாம். அத்தனை ஞாயித்துக்கிழமையும் அவர் கேட்டது என் வண்டியைப் பத்தி மட்டும் இல்லேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"வண்டி போனா போகுது சாமி. பொங்கல் அடுத்த வருசமும் வரும்"னு சொல்லிட்டுப் போனை அம்மாகிட்டக் குடுத்துட்டார்.

அதுக்கப்புறம் அப்பா அந்தக் கேள்வியைக் கேக்கறதை நிறுத்திட்டார். இப்பல்லாம் நானே காலையில இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துதான் போன் பண்றேன். எடுத்ததும், "செகப்பா இருக்குதுங்கப்பா"ன்னு சொல்லிடுவேன். அவரும் "செரி கண்ணு"ன்னு அடுத்த பேச்சுக்குப் போயிடுவார்.

டிஸ்கி: இன்ஜின் ஆயிலை வண்டியை அணைச்சுட்டுப் பாக்கணும். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலைப் பெரும்பாலான வண்டிகள்ல சமதரையில, சூடேறினப்புறம், இன்ஜின் ஓடும்போதே பாக்கணும். உங்க வண்டிக்கு எப்படின்னு கையேட்டைப் பாருங்க. புது வண்டிகள் பலதுல குச்சியே கிடையாது. உங்களுக்கு பொய் சொல்ற வேலை மிச்சம்.