கிரியான் சேற்றில் அறுவடை வண்டிகள்

நெல் அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் மூன்று வேலைகளை முடிக்கிறது. கதிரை அறுக்கிறது, அடித்து மணியை உதிர்க்கிறது, தூற்றிப் பதரை ஒதுக்குகிறது. 1830களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹைரம் மூர் உருவாக்கிய முதல் வண்டியைக் குதிரைகள் இழுத்தன. அது அறுத்தது கோதுமையை. காய்ந்த நிலத்துக்கும் காய்ந்த தாளுக்கும் பிறந்த இயந்திரம் அது. நெல்லோ பல இடங்களில் அறுவடை நாளிலும் ஈரத்தில் நிற்கிறது. இன்று விற்பனையில் உள்ள வண்டிகளுக்கிடையே காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிக்க எழுந்தவை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அதைப் பார்க்க ஏற்ற இடம் கிரியான் மாவட்டம். ஈப்போவிலிருந்து வடக்கே தைப்பிங்கைக் கடந்தால் பாகான் செராய், பாரிட் புந்தார் வயல்கள் விரிகின்றன. 1906இல் முடிந்த புக்கிட் மேரா நீர்த்தேக்கத் திட்டம் இவற்றுக்கு நீர் தருகிறது. பேராக் தமிழர் பால் மரத்தையும் செம்பனையையும் அறிந்த அளவுக்கு இந்த வயல்களை அறிந்தவர்கள் அல்லர். செம்பனைக் குலையோ இன்றும் பெரும்பாலும் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால்தான் விழுகிறது. பக்கத்து நெல்வயலில் அரிவாள் காணாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

மலேசிய வயல்களில் நெடுங்காலம் ஆண்டவை ஐரோப்பாவிலிருந்து பழையதாக வந்து இறங்கிய பெரிய வண்டிகள். நியூ ஹாலந்து கிளேசன் 1545, 8080 ஆகியவை அவற்றில் பேர் பெற்றவை. முன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அங்கே இரும்புச் சங்கிலித் தடத்தைப் பூட்டினார்கள். பின்னால் டயர் அப்படியே இருந்தது. இந்த ஒட்டுவேலை வண்டியைச் சேற்றில் மிதக்க வைத்தது என்றாலும் எடையைக் குறைக்கவில்லை. நெல் நிரம்பிய டேங்குடன் அது திரும்பும் இடத்தில் வயலின் அடித்தட்டு உடைகிறது. உழவடியில் இறுகிக் கிடக்கும் அந்தத் தட்டுதான் நீரையும் தாங்குகிறது, டிராக்டரையும் தாங்குகிறது. அது போன வயலில் அடுத்த பருவ உழவின்போது டிராக்டர் அச்சுவரை புதைகிறது. வண்டிக்காரர் அதற்குள் வேறு ஊரில் இருப்பார். நஷ்டம் நிலத்துக்காரரோடு தங்கிவிடுகிறது. வண்டி வாங்குவோர் குதிரைத்திறனைக் கேட்கும் அளவுக்கு எடையைக் கேட்பதில்லை.

மாற்றாக வந்தவை முழு ரப்பர் தடத்தில் ஓடும் நடுத்தர வண்டிகள். குபோட்டா டிசி-70, அதன் இந்திய உடன்பிறப்பான 68 குதிரைத்திறன் வண்டி, யன்மார், இந்தியாவில் தயாரான கிளாஸ் கிராப் டைகர் ஆகியவை இந்த வகை. காவிரி டெல்டாவில் இவற்றுக்குப் பெயர் ‘பெல்ட் வண்டி’. பஞ்சாபிலிருந்து வரும் பிரீத், கர்த்தார் போன்றவை ‘டயர் வண்டி’. பெல்ட் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் அறுக்கும். பெரிய ஐரோப்பிய வண்டி அதைப்போல் இருமடங்கு. ஆனால் சிறு பாத்திகளில் அகலம் வீணாகிறது, மூலைக்கு மூலை பின்வாங்கித் திரும்பவே நேரம் போகிறது. காய்ந்து இறுகிய குறுவை வயலில் டயர் வண்டியை மிஞ்ச ஆளில்லை. சம்பா முதிரும் நேரத்தில் மழை பெய்துவிட்டால் அதே வண்டி வரப்பைத் தாண்டத் தயங்கும். பெல்ட் வண்டிக்கும் ஒரு குறை உண்டு. சாலையில் ஓட்டினால் ரப்பர் தேயும் என்பதால் ஊர்விட்டு ஊர் போக லாரி தேவை. அந்த வாடகையும் கடைசியில் விவசாயியின் கணக்கில்தான் ஏறும்.

கதிரடிக்கும் முறையில் மூன்று வழிகள் உள்ளன. பழைய ஐரோப்பிய வண்டியில் உருளை குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டும் வைக்கோலை நீண்ட சலிப்புத் தட்டுகள் உதறி, மிச்ச மணியைப் பிரிக்கின்றன. ஈர வைக்கோல் அந்தத் தட்டுகளில் கட்டியாக அடைந்து, மணியையும் சேர்த்துப் பின்னால் தள்ளும். இதற்கு விடையாக வந்தது அச்சுவழி உருளை. தாள் உருளையைச் சுற்றிச் சுற்றி நீளவாக்கில் நகர்வதால் மணி உதிரக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கிறது. சலிப்புத் தட்டும் தேவையில்லை, வண்டியும் இலேசாகிறது. ஆனால் வைக்கோல் நைந்துபோகும். மாடு வளர்க்கும் டெல்டா வீட்டுக்கு இது சின்னக் குறை அல்ல. மூன்றாவது, ஜப்பானில் 1960களில் உருவான தலைக்கதிர் முறை. கதிர் மட்டும் உருளைக்குள் போகும், தாள் முழுசாக வெளியே நிற்கும். மணியும் வைக்கோலும் மிக நேர்த்தியாகக் கிடைக்கும். வேகம் குறைவு, பாகங்கள் நுணுக்கமானவை. வாடகைத் தொழிலுக்கு அந்த நேர்த்தி கட்டுப்படியாகவில்லை.

ஓட்டுநருக்கு எளிமை என்பது கைப்பிடியில் தொடங்குகிறது. கிளட்சும் கியரும் உள்ள வண்டியில் பயிர் அடர்ந்த இடம் வரும்போதெல்லாம் காலும் கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் புதிய வண்டிகளில் ஒரே நெம்புகோல் வேகத்தையும் திசையையும் பார்த்துக்கொள்கிறது. சாய்ந்த பயிர்தான் உண்மையான சோதனை. அறுக்கும் தலையைத் தரையொட்டி இறக்கி, சுழல் சட்டத்தின் விரல்களைச் சாய்த்து, தாள் விழுந்த திசைக்கு எதிராகப் போக வேண்டும். தலையை அரை சாண் கூடுதலாக இறக்கினால் சேற்றை வாரும்; ஏற்றினால் கதிர் கீழேயே தங்கும். எந்தத் திரையும் இதைச் சொல்லித் தராது. குளிர்சாதன அறை இல்லாத வண்டிகளில் சொணையும் இஞ்சின் சூடும் இரைச்சலும் ஓட்டுநரின் பங்கு. விளம்பரத் தாள்களில் அவருடைய இருக்கைக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

சேதாரத்தைத் தீர்மானிப்பதில் இயந்திரத்துக்குச் சமமான பங்கு கூலிக் கணக்குக்கும் உண்டு. மலேசியாவில் பரப்பைக் கணக்கிட்டுக் கூலி பேசும் வழக்கம் பரவலானது. எனவே வேகமாக முடிப்பவருக்கு லாபம். உருளைக்குள் அளவுக்கு மீறித் தாள் திணிக்கப்பட்டு, உதிராத மணி வைக்கோலோடு வயலில் விழுகிறது. டெல்டாவில் மணிக்கணக்கு, அங்கே மெதுவாக ஓட்டுபவருக்கு லாபம். பருவத்துக்குப் பருவம் மாவட்ட ஆட்சியர்கள் வாடகையை அறிவித்தாலும், மழை கருக்கும் நாளில் விலையைச் சொல்பவர் தரகர்தான். வண்டி அவருடையது அல்ல, வயலும் அவருடையது அல்ல, சேற்றில் கால் வைப்பதும் இல்லை. இருந்தும் எந்த வயலில் முதலில் வண்டி இறங்கும் என்று முடிவு செய்வது அவருடைய கைபேசி. இதனால் பயிர் பதமான நாளில் அறுவடை நடப்பதில்லை, வண்டி வந்த நாளில் நடக்கிறது. கையால் அறுத்து அரியாகப் போட்ட காலத்தில் கதிர் வயலிலேயே வெயில் காய்ந்தது. இயந்திரம் தரும் நெல் டெல்டாவில் ஈரமாகவே கொள்முதல் நிலையம் போய், 17 சதவீத ஈரப்பத வரம்பில் முட்டி நிற்கிறது. மலேசியாவில் அரசு 2025இல் குறைந்தபட்ச விலையை டன்னுக்கு 1,500 ரிங்கிட்டாக உயர்த்தியது. ஆலையில் ஈரத்துக்கும் பதருக்கும் எடையைக் கழித்த பிறகு கையில் வருவது வேறு தொகை. சல்லடையையும் காற்றாடியையும் ஓட்டுநர் சரியாக வைத்தாரா என்பது அந்தக் கழிவில் தெரியும்.

விலைப்பட்டியலில் இடம்பெறாத அம்சம் ஒன்று உண்டு: வண்டியைத் துடைத்துக் காலி செய்வது எவ்வளவு எளிது என்பது. காற்றடித்தாலே மணி உதிரும் களைநெல்லை மலேசிய விவசாயிகள் ‘பாடி ஆங்ஙின்’ என்கிறார்கள். 1980களின் கடைசியில் சிலாங்கூரின் செகிஞ்சான் பக்கம் தென்பட்ட அது பின்னர் வடக்கு வயல்களுக்கும் பரவியது. அதன் விதையை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சுமப்பவற்றில் அறுவடை வண்டியும் ஒன்று. களைக்கொல்லியைத் தாங்கும் எம்ஆர்220 சிஎல் ரகங்கள் 2010இல் வந்தும் பிரச்சினை தீரவில்லை. டேங்கின் அடி, மணி ஏற்றும் குழாய், சல்லடைக்குக் கீழுள்ள தட்டு ஆகிய மூன்றிலும் மணி ஒளிந்துகொள்ளும். திறப்பு மூடிகள் கைக்கு எட்டும்படி அமைந்த வண்டியை வயல் மாறும் இடைவேளையிலேயே ஊதிச் சுத்தம் செய்யலாம். எட்டாத இடத்தில் மூடியை வைத்த வண்டியில் அந்த வேலை பருவம் முடியும் வரை தள்ளிப்போகிறது.