மூன்றாவது லேன்

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் வருகிற ஒரு பாலம். மூன்றாவது லேனில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு கார்கள். மனைவி பாஸ்போர்ட்டுகளை மடியில் வைத்திருந்தாள். "லெட்டர எடுத்து வெச்சியா?" என்றேன். "எந்த லெட்டர்?" என்றாள். அவ்வளவுதான், எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

தைராய்டு கேன்சர். ஆபரேஷன் முடிந்து, மிச்சமிருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின்-131 கொடுத்திருந்தார்கள். அதற்கான சான்றுக் கடிதம்தான் அது. மாத்திரையை விழுங்கி அன்றோடு 24 நாள். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். மூன்று முறை பாதியானால் எட்டில் ஒரு பங்கு, அதிலும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போயிருக்கும். நம்ம கணக்குப்படி உடம்பில் ஒன்றும் இல்லை. லேனின் இருபுறமும் நிற்கிற தூண்களின் கணக்கு வேறு. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆனவரைக்கூட அவை கண்டுகொள்ளும்.

பார்க்க ஒன்றுமில்லாத தூண்கள். உள்ளே பெரிய பிளாஸ்டிக் பலகைகள் இருக்கின்றன. காமா கதிர் பட்டால் அந்த பிளாஸ்டிக் துளி வெளிச்சம் விடும், கருவி அதை எண்ணும். வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டினால் அலாரம். வந்தது என்ன பொருள் என்று அதற்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வாழைப்பழ லோடுக்கும் அடிக்கும், பூனை மணலுக்கும் அடிக்கும், டைல்ஸ் ஏற்றிய லாரிக்கும் அடிக்கும்.

எனக்கும் அடித்தது.

ஆபீஸில் என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். கார்டு மோசடியைப் பிடிக்கிற மென்பொருள். வரம்பைக் குறைத்தால் நல்லவர்களும் மாட்டுவார்கள், ஏற்றினால் திருடன் தப்பிப்பான். மாட்டிய நல்லவர்களை மீட்டிங்கில் 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்று ஒரு சதவீதமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். அன்றைக்கு அந்தச் சதவீதத்துக்குள் நான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல்.

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். காரை விட்டு இறங்கச் சொன்னார்கள். எங்கே பிறந்தேன், என்ன படித்தேன், கனடாவில் யாரைப் பார்க்கப் போனேன். பிறகு ஒரு அதிகாரி கைக்கருவியோடு வந்து முதலில் காரைச் சுற்றினார், அப்புறம் என்னை. கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் வேகமெடுத்தது. இந்தக் கருவி வெறுமனே எண்ணுவதில்லை, கதிரின் ஆற்றலையும் அளக்கும். 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு தெரிந்தால் அயோடின்-131. திரையைப் பார்த்துவிட்டு, "தைராய்டா?" என்றார். தலையாட்டினேன். அரை மணி நேரமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அதுவும் சொன்னது. அது சொன்னபோது நம்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். 1999 மே 29 அன்று, பல்கேரியாவின் ரூசே எல்லைச் சாவடியில் ஒரு காரை நிறுத்தினார்கள். டிக்கியில் டயருக்குக் காற்றடிக்கிற பம்பு, அதற்குள் ஈய உறை, அதற்குள் கண்ணாடிக் குப்பியில் சில கிராம் செறிவூட்டிய யுரேனியம். காட்டிக்கொடுத்தது கதிர்மானி இல்லை, ஓட்டுநரின் நடவடிக்கை. சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்து தேடினார். யுரேனியம்-235இன் காமா கதிர் சோனியானது, 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். சில மில்லிமீட்டர் ஈயமே அதைத் தின்றுவிடும். மூன்றாவது லேனில் அந்தக் கார் வந்திருந்தால் தூண்கள் சும்மா இருந்திருக்கும். கழுத்தில் கேன்சர் மருந்தோடு வந்தவனுக்குத்தான் ஊளையிட்டன.

இதைப் படித்ததும் கருவிமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது என் பெயரைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் கதிரியக்கம் இருந்தது, இருக்கிறது என்றது. எனக்கு வியர்த்தது அதிகாரியின் பார்வைக்கு. ஆனால் ரூசேயில் அந்தக் குப்பியைப் பிடித்ததும் அதே மாதிரி ஒரு பார்வைதான். அது வேண்டாம் என்று என்னால் எழுத முடியவில்லை. அதன் வரம்பை யார், எந்த மீட்டிங்கில் வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

ரூசே கதையை மனைவியிடம் சொன்னேன். "அன்னிக்கு உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு நானே டிக்கியத் திறந்து பாத்திருப்பேன்" என்றாள்.

கடிதம் குளிர்கோட்டின் உள்பாக்கெட்டில் இருந்தது. நான்தான் வைத்திருக்கிறேன்.