மூன்று, இரண்டு, ஒன்று



ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. "சார், கங்காரு பாத்தீங்களா?" என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: பார்த்தேன். இந்தப் பதிவு கங்காருவைப் பற்றியது இல்லை. 1993-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் மட்டும் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்கள் உங்கள் விருப்பம். நீளம்தான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிற வாத்தியார் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன!

மகன் இருப்பது விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு சின்ன ஊர். நம் திருநள்ளாறு அளவுகூட ஜனம் இருக்காது. ஒரு கடைத்தெரு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஊர் நடுவில் ஒரு மைதானம். குளிர்காலச் சனிக்கிழமை வந்தால் ஊரே அந்த மைதானத்தில்தான். பேரன் பொடிப்பையன்கள் அணியில் ஆடுகிறான். தாத்தாவும் குல்லாய், மப்ளர், இரண்டு ஸ்வெட்டரோடு கிளம்பிவிடுவேன்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் ஃபுட்பால் இல்லை. மைதானம் முட்டை வடிவம். வெயில் காலத்தில் அங்கேயேதான் கிரிக்கெட். பந்தும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டியாக வேண்டும். எறியக் கூடாது, காலால் உதைக்கலாம், இல்லாவிட்டால் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் 1 புள்ளி. முதல் நாள் பார்த்தபோது மாட்டுப் பொங்கல் அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற கூட்டம்தான் ஞாபகம் வந்தது. எல்லைக்கோட்டைச் சுற்றிலும் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். கோல் விழுந்தால் கைதட்டுவதற்குப் பதில் ஹாரன் அடிக்கிறார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது போல எனக்கு ஆறுதலாக இருந்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஆட்டமல்ல. கிளப் கட்டடத்துக்குள் சுவரில் மாட்டியிருந்த ஒரு மரப்பலகை.

நம் பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் தலைமையாசிரியர்கள் பெயர் வரிசையாக எழுதிய பலகை இருக்குமே, அது மாதிரி. தங்க எழுத்தில் ஆண்டு, பக்கத்தில் ஒரு பெயர். ஐம்பது அறுபது வருஷத்துப் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அப்பா, மகன், பேரன் என்று திரும்பத் திரும்ப வருகிறது. மேலே தலைப்பு: பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட்.

கல்யாண விளம்பரத்தில் வருகிற 'ஃபேர்' என்று நினைத்துவிடாதீர்கள்! நிறமில்லை, நேர்மை. மிகச் சிறந்த, மிக நேர்மையான ஆட்டக்காரர். இரண்டும் சேர்ந்து ஒரே விருது, ஒரே ஆளுக்கு. ஆட்டத்தில் கெட்டி, ஆனால் ஆளை அடிக்கிறவன் என்றால் கிடையாது.

இது அந்த ஊரோடு முடிகிற வழக்கமில்லை. அந்த நாட்டில் இந்த ஆட்டத்தின் ஆகப் பெரிய தனிநபர் விருதே இப்படித்தான். கீலாங் அணிக்கு ஆடி, பிறகு அதன் செயலாளராக நெடுங்காலம் உழைத்த சார்லஸ் பிரௌன்லோ பெயரில் 1924 முதல் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் கூடி மூன்று பேருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போட வேண்டும். உறையில் போட்டு மூடி, பருவம் முடிந்த பிறகுதான் பிரித்துப் படிப்பார்கள். கிராமத்து லீக்குகளிலும் பெரும்பாலும் இதே முறை. ஆல்பரி என்ற எல்லையோர ஊரிலிருந்து போன ஹேடன் பன்டன் அந்தப் பதக்கத்தை 1931, 1932, 1935 என்று மூன்று தடவை வாங்கியிருக்கிறார்.

அந்தப் பருவத்தில் தவறான ஆட்டத்துக்காகத் தடை வாங்கியவருக்குப் பதக்கம் கிடையாது. எவ்வளவு ஓட்டு வாங்கியிருந்தாலும் கிடையாது. 1997-இல் கிறிஸ் கிராண்ட் என்பவர் 27 ஓட்டு வாங்கினார். அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தடை வாங்கியிருந்தார். பதக்கம் 26 ஓட்டு வாங்கிய ராபர்ட் ஹார்விக்குப் போனது. ஒரே ஓட்டு வித்தியாசம்! கிராண்டுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விதியை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பருவம் முடிந்து எங்கள் ஊர் கிளப்பில் விருது இரவு நடந்தது. மகன் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு ஆட்டமாக ஓட்டைப் படிக்கிறார்கள். நம் தேர்தல் எண்ணிக்கை மாதிரி, சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறுகிறது. கடைசியில் ஜெயித்தது ஒரு எலக்ட்ரீஷியன். தடுப்பு வரிசையில் ஆடுகிற ஆள். வருஷம் முழுக்க அவன் அடித்தது இரண்டே கோல். அதிகக் கோல் அடித்தவனுக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்கள், ஆனால் பலகையில் பெயர் ஏறுவது இவனுக்குத்தான். முப்பது வருஷமாக ஜெர்சி துவைத்து மடித்து வைக்கிற ஒரு பாட்டியம்மாவுக்கும் ஒரு விருது. அதற்குத்தான் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் எத்தனை வருஷம் உங்களுக்குப் பொது அறிவு வினாடி வினா நடத்தியிருக்கிறேன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்காகக் கடைசியாகக் கோல் அடித்தவர் யார்? 1960, ரோம், பெரு நாட்டுக்கு எதிராக, நம் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். டக்கென்று சொல்வீர்கள். அந்தப் பந்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா? அதே சைமன்தான் 1973-இல் கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் டிராபி வென்றபோது பயிற்சியாளர். அதையும் நான் கேட்டதில்லை. கோல் மட்டும்தான் கேட்டேன்.

நம்மிடமும் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. இங்கிருந்து சீர்காழி, சிதம்பரம் தாண்டினால் கடலூர். அந்த ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் முறையாகத் தேசியப் பட்டம் வென்றார்களே, இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து, அந்த அணியில் ஆடியவர். 2023-24-க்கான நாட்டின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்குக் கொடுத்தது. அவர் நடுக்கள ஆட்டக்காரர். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவருக்குக் கொடுக்கிற இடம் அது. அந்த இடத்தில் ஆடுகிறவரையும் கண் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு அந்தக் கண் இல்லாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

1993 விளையாட்டு விழா. மஞ்சள் அணிக்கும் நீல அணிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். 1-1. முடிய இரண்டு மூன்று நிமிஷம். நீல அணிப் பையன் ஒருவன் அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிப் போய்விட்டது. மஞ்சள் அணியின் தடுப்பாட்டக்காரன் பின்னாலேயே ஓடிப் போய் உதைத்து வெளியே தள்ளினான். கோட்டைத் தாண்டியதா இல்லையா? லைன்ஸ்மேன் கிடையாது. பி.டி. சார் மைதானத்து நடுவில் இருந்தார், அவருக்குத் தெரியவில்லை. ஒரே கூச்சல். அவர் நடந்து வந்து அந்தப் பையனிடமே கேட்டார்.

"உள்ள போயிடுச்சு சார்."

அவ்வளவுதான் சொன்னான். கடலோரக் குப்பத்துப் பையன். வெறுங்கால். 2-1. மஞ்சள் அணி தோற்றது. அவன் அணிப் பையன்கள் அவனைச் சுற்றி நின்று என்னென்ன சொன்னார்கள் என்று இதைப் படிக்கிற உங்களில் சில பேருக்கு நினைவிருக்கும். அவன் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டது யார் என்றும் எனக்குத் தெரியும்.

சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க மூன்று ஆசிரியர்கள். நானும் ஒருவன். பி.டி. சார் சொன்னார், "அந்தப் பையனுக்கு ஏதாவது செய்யணும் சார்." அவர் இன்று இல்லை. நான் சொன்ன பதில் மட்டும் இருக்கிறது. "ரெண்டு கோல் அடிச்சவன் இருக்கான். தோத்த பக்கத்துல எப்படி சார் கோப்பையக் குடுக்கறது? நாளைக்கு அவங்க அப்பா வந்து கேப்பாரு." கையெழுத்தும் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது கோலே இவன் வாயிலிருந்து வந்தது. இவன் "இல்ல சார்" என்று சொல்லியிருந்தால் அது கோலே இல்லை. மற்றவன் கையில் கோப்பையைக் கொடுத்தவனே இவன்தான். இவனைக் கூப்பிட்டு முதுகில்கூட நான் தட்டவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, வாய்மை அதிகாரம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று கோப்பை வாங்கிய பிள்ளையும் இதைப் படிப்பான். உன் மேல் ஒரு குற்றமும் இல்லையப்பா. நீ நன்றாக ஆடினாய், கொடுத்ததை வாங்கிக்கொண்டாய். தப்பு என்னுடையது.

பதினோரு வருஷம் கழித்து அவனைப் பார்த்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலையில் நம் கடற்கரைக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு என்று எத்தனை ஊர். காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட உயிர்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அரிசி மூட்டையோடு ஒரு முகாமுக்குப் போனோம். வாசலில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தவன் அவன்தான். எந்த வீட்டுக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை போர்வை. அவன் ஊர்ப் பஞ்சாயத்தார் அவன் கையில்தான் நோட்டைக் கொடுத்திருந்தார்கள். போர்வை பாதியில் தீர்ந்துவிட்டது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவன் வீட்டுப் பெயர் கடைசி வரியில் இருந்தது.

"ஏம்ப்பா, உன் வீட்டுக்கு?"

"கடைசியா எழுதிக்கிட்டேன் சார். இல்லாட்டி பேச்சு வரும்."

அவன் வீட்டிலும் அந்த அலை ஒரு உயிரைக் கொண்டுபோயிருந்தது. நோட்டைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. எனக்குத்தான் நடுங்கியது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், "அந்தக் கோப்பை உனக்குத்தான் வந்திருக்கணும்" என்று. அந்த இடத்தில் போய்க் கோப்பையைப் பற்றிப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் ரிட்டயர் ஆகி, அரசலாற்றங்கரையில் வாக்கிங் போய்க்கொண்டு, அதை மறந்தும் போனேன். எங்கோ ஒரு ஊர்ச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்து, அதை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1993 பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்.

அந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆடியவர்கள், சுற்றி நின்று பார்த்தவர்கள், எல்லாரும். மிகச் சிறந்த, மிக நேர்மையான ஆட்டக்காரர்கள் மூன்று பேர். முதல் ஆளுக்கு 3, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1. பெயர்களைத் தனிச்செய்தியில் எனக்கு அனுப்புங்கள். கீழே கமெண்டில் போடாதீர்கள், உறையைப் பிரிக்கிற வரை ரகசியம். நான் மனதில் வைத்திருக்கிறவன்தான் ஜெயிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் ஓட்டு உங்களுக்கு. கோப்பை வாங்கியவனும் ஓட்டுப் போட வேண்டும், சைக்கிள் காற்றைப் பிடுங்கியவனும் போட வேண்டும்.

பொங்கலுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஊருக்கு வருகிறீர்கள். அன்று உறைகளைப் பிரித்துப் படிப்போம். தச்சரிடம் ஒரு தேக்குப் பலகை சொல்லிவிட்டேன். முதல் வரி 1993. அடுத்த வரிகளைக் காலியாக விட்டிருக்கிறேன். கோடை விடுமுறையில் நம் தெருப் பிள்ளைகள் நடத்துகிற போட்டிக்கு இனிமேல் வருஷா வருஷம் நடுவர் கையால் 3, 2, 1 போடச் சொல்லலாம் என்று யோசனை.

அவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். முகநூலில் இல்லை. அவன் காதில் யாரும் போட்டுவிடாதீர்கள்.

நான் ஓட்டுப் போடப் போவதில்லை. என் ஓட்டை 1993-லேயே போட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார்